கடைமடைக்கு வராத தண்ணீர்: சிறுபான்மை இனங்களின் பண்பாடும் உடல்நலப் பிரசாரமும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கீலா என்று ஓர் ஆறு. அதன் கரையில் பல நூற்றாண்டுகளாக வாய்க்கால் வெட்டி, மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் பயிரிட்டு வாழ்ந்தவர்கள் தங்களை 'அகிமெல் ஓதம்' என்று சொல்லிக்கொள்வார்கள். ஆற்று மக்கள் என்று பொருள். வெளியார் அவர்களுக்கு இட்ட பெயர் பீமா. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர்களிடம் கோதுமை மிஞ்சிக் கிடந்தது. கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போன கூட்டத்துக்கும் ராணுவத்துக்கும் விற்றுக் காசு பார்த்தார்கள். 1870களுக்குப் பிறகு மேல்மடையில் குடியேறிய வெள்ளையர்கள் ஆற்றைத் தங்கள் வயல்களுக்குத் திருப்பிக்கொண்டார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை. வயல் காய்ந்தது, பஞ்சம் வந்தது. பிறகு அரசாங்கம் கொடுத்த வெள்ளை மாவும் பன்றிக் கொழுப்பும் சர்க்கரையும் வந்தன.

1937இல் புகழ்பெற்ற சர்க்கரை நோய் மருத்துவர் எலியட் ஜாஸ்லின் அரிசோனாவுக்குப் போய்ப் பார்த்தபோது, பூர்வகுடிகளிடம் அந்த நோய் மற்றவர்களைவிட அதிகம் இல்லை என்றே முடிவு செய்தார். 1965இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அங்கே பெரிய ஆய்வைத் தொடங்கியபோது நிலைமை தலைகீழாகியிருந்தது. 35 வயதைத் தாண்டிய பீமாக்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய். அன்று உலகில் பதிவான எண்ணிக்கைகளில் மிக அதிகம் அதுதான். ஒரு தலைமுறைக்கும் குறைந்த காலத்தில் நடந்தது இது.

அதன்பிறகு அந்த மக்களுக்கு அறிவுரைக்குக் குறைவே இல்லை. குறைவாகச் சாப்பிடுங்கள், நடங்கள், எடையைக் குறையுங்கள் என்று கேட்டுக் கேட்டே இரண்டு தலைமுறை போயிற்று. உலகெங்கும் சிறுபான்மை இனங்களிடம் நடக்கும் உடல்நலப் பிரசாரத்தின் கதையே இதுதான் என்று சொல்லலாம். மேல்மடையில் இருப்பவர்கள் பேசுவார்கள், கடைமடையில் இருப்பவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்டபடி நடக்காவிட்டால் பழி அவர்கள் பண்பாட்டின்மேல் விழும்: அவங்க சாப்பாடு அப்படி, அவங்க பழக்கம் அப்படி, சொன்னா கேக்க மாட்டாங்க.

பண்பாடு உண்மையிலேயே தடையா? இல்லை, அதுவே வழியா? கடந்த அரை நூற்றாண்டில் பல நாடுகளில் இந்தக் கேள்விக்குச் சோதனை வழியாகவும் அனுபவம் வழியாகவும் விடை தேடியிருக்கிறார்கள். அவற்றைச் சேர்த்துவைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது என்பதே இந்தக் கட்டுரை.

ரத்தமா, ஆறா?

முதலில் வந்த விளக்கம் ரத்தத்தைப் பற்றியது. 1962இல் மரபியலாளர் ஜேம்ஸ் நீல் ஒரு கருத்தை முன்வைத்தார். பஞ்ச காலத்தில் கிடைத்ததைக் கொழுப்பாகச் சேமித்துவைக்கும் 'சிக்கன மரபணு' நம் முன்னோரைக் காப்பாற்றியது. தினமும் வயிறு நிறையும் காலத்தில் அதுவே எமனாகிறது என்றார். பீமா மக்கள் இந்தக் கருத்துக்கு நடமாடும் சாட்சியாக ஆக்கப்பட்டார்கள். மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ரத்தத்தைக் காட்டிவிட்டால் ஆற்றைப் பற்றிப் பேச வேண்டியதில்லை என்ற வசதியும் அதில் இருந்தது.

2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு அந்த வசதியைக் குலைத்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், மெக்சிகோவின் சொனோரா மலைப்பகுதியில் மைகோபா என்ற ஊரில் இன்னொரு பீமாக் கூட்டம் வாழ்கிறது. நெருங்கிய ரத்த உறவுதான். ஆனால் அவர்கள் அப்போதும் மலைக்காட்டில் உழுது, மரம் வெட்டி, விளைந்த அவரையையும் சோளத்தையும் தின்பவர்கள். அவர்களில் சர்க்கரை நோய் 6.9 சதவீதம். அமெரிக்க பீமாக்களில் 38 சதவீதம். ஒரே குருதி, இரண்டு வாழ்க்கை.

இன்னும் பழைய சான்று ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. 1982இல் கெரின் ஓடே என்ற ஆய்வாளர், மேற்கு ஆஸ்திரேலியாவின் டெர்பி நகரத்தை ஒட்டி வாழ்ந்த பழங்குடிகளில் சர்க்கரை நோயுள்ள 10 பேரை அவர்களுடைய சொந்த நிலத்துக்கு அழைத்துப் போனார். ஏழு வாரம் அவர்கள் வேட்டையாடியும் மீன் பிடித்தும் கிழங்கு அகழ்ந்தும் உண்டார்கள். சராசரியாக 8 கிலோ எடை குறைந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை, நம் ஊர்க் கணக்கில், 209இலிருந்து 119க்கு இறங்கியது.

ஹவாய் தீவுகளில் வையனாயே என்ற பகுதியில் மருத்துவர் டெரி ஷின்டானி நடத்திய உணவுத் திட்டமும் இதே வகை. 20 ஹவாய்ப் பூர்வகுடிகளுக்கு 21 நாள் அவர்களுடைய மூதாதையர் உணவு மட்டுமே பரிமாறப்பட்டது: சேப்பங்கிழங்கு வகையான டாரோ, அதை இடித்துப் பிசைந்த பொய், சர்க்கரைவள்ளி, கீரை, மீன். அளவுக் கட்டுப்பாடே கிடையாது, வயிறு கேட்கும் வரை சாப்பிடலாம். 1991இல் வெளியான முடிவின்படி சராசரியாக 7.8 கிலோ எடை குறைந்தது, கொலஸ்ட்ரால் 14 சதவீதம் இறங்கியது. பூர்வகுடி உணவு பின்தங்கியது, அதைக் கைவிட்டால்தான் நலம் என்று பாதிரிமார் காலத்திலிருந்து சொல்லி வந்ததற்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேவையில்லை.

ஆனால் இந்தச் சோதனைகளை அளவுக்கு மீறிக் கொண்டாடவும் கூடாது. 10 பேர், 20 பேர். ஏழு வாரம், மூன்று வாரம். வாழ்நாள் முழுக்க யாரும் காட்டில் போய் இருக்க முடியாது. டாரோ விளைய வயல் வேண்டும், வயலுக்குத் தண்ணீர் வேண்டும், ஹவாயில் இரண்டையும் கரும்புத் தோட்டங்கள் எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆயிற்று. மூதாதையர் உணவு நல்லது என்று நிரூபித்ததோடு அந்த ஆய்வுகளின் வேலை முடிந்தது. அந்த உணவு தினமும் தட்டுக்கு வருவது எப்படி என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

மேற்பூச்சும் வேரும்

இந்த இடத்தில் பொதுச் சுகாதாரத் துறையினர் ஒரு பயனுள்ள பிரிவினையைச் செய்தார்கள். 1999இல் கென் ரெஸ்னிகோ என்பவரும் அவருடைய சகாக்களும், பண்பாட்டுக்கு ஏற்ப ஒரு திட்டத்தை அமைப்பதில் இரண்டு படிகள் உண்டு என்று எழுதினார்கள். ஒன்று மேற்பரப்பு: மொழி, படம், பாட்டு, தெரிந்த முகம், பழகிய இடம். மற்றொன்று ஆழம்: அந்த மக்கள் நோய் என்று எதை நினைக்கிறார்கள், குடும்பத்தில் முடிவெடுப்பவர் யார், எது மானம், எது அவமானம், அவர்கள் பட்ட வரலாறு என்ன. மேற்பரப்பு ஒரு செய்தியைக் காதுவரை கொண்டுபோகும். மனசுக்குள் இறக்குவது ஆழம்தான்.

உலகில் நடப்பதில் பெரும்பகுதி மேற்பூச்சு. ஆங்கிலத்தில் எழுதிய துண்டறிக்கையை மொழிபெயர்த்து, அட்டையில் சேலை கட்டிய பெண்ணின் படத்தைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம். உள்ளே புரட்டினால் ஓட்ஸும் பிராக்கோலியும் இருக்கும். வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு வாய் இனிப்பு கொடுக்காமல் அனுப்புவது எப்படி என்று அந்தத் துண்டறிக்கை சொல்லாது. அதைப் படிக்கும் அம்மாவுக்கு உண்மையில் சிக்கலே அங்கேதான்.

மேற்பூச்சும் வேரும் எவ்வளவு வேறு என்பதை அந்த பீமா ஊரிலேயே நடந்த ஒரு சிறிய சோதனை காட்டிக் கொடுத்தது. சர்க்கரை நோய் இன்னும் வராத, ஆனால் உடல் பருத்த 95 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். 'செயல்' என்று பெயரிட்ட குழுவுக்கு நிபுணர்கள் முறையாக உணவுப் பயிற்சியும் உடற்பயிற்சியும் கற்பித்தார்கள். 'பெருமிதம்' என்ற மற்றொரு குழுவுக்கு அப்படி எதுவும் இல்லை. அவர்கள் கூடி உட்கார்ந்து தங்கள் வரலாற்றையும் பழைய வாழ்க்கையையும் ஊர்க்காரர்கள் வாயிலாகக் கேட்டுப் பேசினார்கள். ஓர் ஆண்டு கழித்து எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவை பெருமிதக் குழுவைவிடச் செயல் குழுவில்தான் அதிகம் கூடியிருந்தன. பெருமிதக் குழு ஒப்புநோக்குக்காக வைத்த குழு. அதுதான் வெல்லும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. 1998இல் இந்த முடிவு வெளியானது. சிறிய சோதனை, இதை வைத்துக் கோட்டை கட்ட முடியாது. ஆனாலும் நான் யார் என்ற கேள்விக்கும் நான் என்ன சாப்பிடுகிறேன் என்பதற்கும் இடையே ஒரு நூல் ஓடுகிறது என்பதை அது உணர்த்தியது.

அந்த நூலைப் பிடித்துப் போன நல்ல முயற்சிகளில் ஒன்று ஹவாயின் ஹூலா நடனத்தை வைத்து நடந்தது. ஹூலா வெறும் ஆட்டமல்ல. அந்த மக்களின் புராணமும் வம்சாவளியும் பாட்டாகவும் அபிநயமாகவும் அதில்தான் இருக்கின்றன. பாதிரிமாரின் செல்வாக்கில் 1830இல் அதைப் பொது இடத்தில் ஆடத் தடை வந்தது. அரசர் கலாகவுவா 1883இல் தம் முடிசூட்டு விழாவில் மீண்டும் அரங்கேற்றினார். சதிர் ஆட்டம் பட்ட பாட்டை அறிந்த நமக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராத 263 பூர்வகுடிகளிடம் நடந்த ஆய்வில், பொதுவான பாடத்தோடு ஹூலா வகுப்பும் சேர்ந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் மேல் அழுத்தம் 15 புள்ளி இறங்கியது. பாடம் மட்டும் கேட்டவர்களுக்கு ஏறக்குறைய 12. வித்தியாசம் மலையளவு இல்லை. ஆனால் ஜிம்முக்குப் போகச் சொன்னால் போகாதவர்கள் ஹூலாவுக்கு வருகிறார்கள். பாட்டி ஆடிய அடவை பேத்தி கற்றுக்கொள்வதை யாரும் 'உடற்பயிற்சி' என்று நினைப்பதில்லை.

முடிதிருத்தகத்தில் கிடைத்த பாடம்

இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் வெற்றி லாஸ் ஏஞ்சலஸின் கறுப்பின முடிதிருத்தகங்களில் நடந்தது. அமெரிக்கக் கறுப்பின ஆண்களுக்கு மருத்துவமனைமேல் நம்பிக்கை குறைவு. அது அறியாமையால் வந்ததல்ல. அலபாமாவின் டஸ்கீகீயில் 1932 முதல் 1972 வரை 40 ஆண்டு, மேகநோயுள்ள கறுப்பின ஆண்களுக்கு மருந்து கொடுக்காமலேயே நோய் எப்படி முற்றுகிறது என்று அரசு மருத்துவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அந்த நினைவு இன்னும் ஆறவில்லை. முடிதிருத்தகம் அப்படியல்ல. அது அவர்களுடைய இடம். அங்கே அரசியலும் விளையாட்டும் குடும்பக் கவலையும் பேசலாம்.

மருத்துவர் ரொனால்டு விக்டர் தலைமையில் 52 கடைகளில் 319 வாடிக்கையாளர்கள் ஆய்வில் சேர்ந்தார்கள். எல்லாருக்கும் ரத்த அழுத்தம் உயர்ந்திருந்தது. பாதிக் கடைகளில் முடிதிருத்துபவரே, உணவைப் பார்த்துக்கொள், டாக்டரைப் பார் என்று எடுத்துச் சொன்னார். மீதிக் கடைகளில் அதோடு ஒரு மருந்தாளுநர் கடைக்கே வந்து அழுத்தத்தை அளந்து, அங்கேயே மருந்து எழுதினார். 2018இல் முடிவு வெளிவந்தது. ஆறு மாதத்தில், அறிவுரை மட்டும் கிடைத்தவர்களுக்கு 9 புள்ளி இறங்கியது. மருந்தாளுநரும் வந்த கடைகளில் 27 புள்ளி.

இந்தச் செய்தியைப் பத்திரிகைகள் 'முடிதிருத்துபவர்கள் உயிரைக் காக்கிறார்கள்' என்ற போக்கில் எழுதின. கூர்ந்து படித்தால் பாடம் வேறு. இரண்டு குழுவுக்கும் இடம் ஒன்றே, முகம் ஒன்றே, நம்பிக்கையும் ஒன்றே. கிடைத்த வித்தியாசம் முழுவதும், நம்பிக்கையான இடத்துக்கு உண்மையான மருத்துவம் வந்ததால் கிடைத்தது. பண்பாடு கதவைத் திறந்துவிடும். திறந்த கதவு வழியாக அறிவுரை மட்டும் வந்தால் பலன் ஒரு பங்கு, மருந்தும் மருந்தாளுநரும் வந்தால் மூன்று பங்கு. சமூகத்தின் மொழியில் பேசுகிறோம் என்ற பெயரில் சேவையைக் குறைத்துப் பேச்சைக் கூட்டும் திட்டங்கள் எல்லாம் இந்த எண்களின் முன்னால் தலைகுனிய வேண்டும்.

பிரிட்டனில் வாழும் தெற்காசியர்களின் கதை சற்று வேறு. ஐரோப்பியரைவிடக் குறைந்த எடையிலேயே, குறைந்த வயதிலேயே நமக்குச் சர்க்கரை வந்துவிடுகிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல், ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23ஐத் தொட்டாலே கவனிக்கத் தொடங்க வேண்டும் என்றது. பொதுவான எல்லை 25. ஸ்காட்லாந்தில் மருத்துவர் ராஜ் போபால் நடத்திய ஆய்வு, தனி ஆளை விட்டுக் குடும்பத்தைப் பிடித்தது. 156 குடும்பங்கள், மூன்று ஆண்டுகள். உணவு வல்லுநர் வீட்டுக்கே 15 முறை வந்து, சமைப்பவரோடும் உட்கார்ந்து பேசினார். நான்கே முறை வந்த வீடுகளோடு ஒப்பிட்டால் கிடைத்த எடை வித்தியாசம் 1.64 கிலோ. கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். மூன்று ஆண்டில் எடை ஏறுவதுதான் வழக்கம். ஏறாமல் சற்றே இறங்கியது என்று பார்த்தால் அது சிறிதல்ல. ஆனால் 15 வருகைக்கு ஆகும் செலவை எந்த அரசு ஏற்கும் என்பது கணக்கில் சேராத கேள்வி.

யார் கையில் சாவி

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் மைக்கேல் சாண்ட்லர், கிறிஸ்டோபர் லாலோன்ட் என்ற இரு உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வு, உணவைப் பற்றியதோ நடைப்பயிற்சியைப் பற்றியதோ அல்ல. ஆனால் இந்தக் கேள்விக்கு அதைவிட நேரான விடை வேறு எங்கும் இல்லை என்பது என் எண்ணம். கனடாவில் பூர்வகுடி இளைஞர்களின் தற்கொலை விகிதம் மிக அதிகம் என்பது தெரிந்த செய்தி. இவர்கள் கேட்டது வேறு: எல்லாப் பூர்வகுடிக் கிராமங்களிலும் அப்படியா?

இல்லை. ஐந்தாண்டுக் கணக்கில், கிட்டத்தட்ட 200 சமூகங்களில் பாதிக்குமேல் இளைஞர் தற்கொலை ஒன்றும் இல்லை. வேறு சில இடங்களில் எண்ணிக்கை நாட்டுச் சராசரியைப்போல் பல மடங்கு. வித்தியாசம் எங்கே என்று தேடி ஆறு அடையாளங்களை எடுத்துக்கொண்டார்கள்: தன்னாட்சி, நில உரிமைக்கான போராட்டம், பள்ளி, மருத்துவச் சேவை, காவலும் தீயணைப்பும், பண்பாட்டு மையம். இவை சமூகத்தின் சொந்தக் கட்டுப்பாட்டில் இருக்கின்றனவா என்று பார்த்தார்கள். ஆறும் இருந்த சமூகங்களில் அந்த ஐந்தாண்டில் இளைஞர் தற்கொலை ஒன்றுகூட இல்லை. ஒன்றும் இல்லாத சமூகங்களில் எண்ணிக்கை உச்சத்தில். பண்பாட்டு மையம் ஆறில் ஒன்றுதான். மற்ற ஐந்தும் அதிகாரம் பற்றியவை.

நியூசிலாந்தின் மாவோரிகள் இதை முன்பே வேறு வழியில் சொல்லிவிட்டார்கள். 1984இல் மருத்துவர் மேசன் டூரி, நலத்தை நான்கு சுவருள்ள வீடாக வரைந்தார்: உடல், மனம், ஆன்மா, குடும்பம். ஒரு சுவர் சாய்ந்தாலும் வீடு நிற்காது. இந்தப் படம் இன்று அந்நாட்டுப் பள்ளிப் பாடத்திலும் மருத்துவப் படிப்பிலும் இருக்கிறது. 2010இல் குடும்பத்தை மையமாக வைத்த 'ஃபானவு ஓரா' திட்டம் வந்தது. 2022இல் மாவோரிகளுக்கென்று தனிச் சுகாதார ஆணையமே அமைந்தது. ஆட்சி மாறியதும் 2024 நடுவில் அது கலைக்கப்பட்டது. படத்தை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். சாவியைக் கொடுத்ததும் இரண்டே ஆண்டில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

சாவி கொடுத்து நீண்டகாலம் வைத்துப் பார்த்த இடமும் உண்டு. அமெரிக்க நாடாளுமன்றம் 1997இல் பூர்வகுடிகளுக்கான சிறப்புச் சர்க்கரை நோய்த் திட்டத்தைத் தொடங்கி, பழங்குடி அமைப்புகளுக்கே நிதியைக் கொடுத்தது. மருந்து, பரிசோதனை, ஊர்ப் பணியாளர், சமையல், நடை என்று அவரவர் தேவைக்கேற்ப அமைத்துக்கொண்டார்கள். 1996க்கும் 2013க்கும் இடையில் பூர்வகுடிகளிடம் சர்க்கரை நோயால் வரும் சிறுநீரகச் செயலிழப்பு 54 சதவீதம் குறைந்தது. நாட்டின் வேறு எந்த இனத்திலும் இந்த அளவு வீழ்ச்சி இல்லை.

சமூகத்தின் கையில் கொடுத்தால் எல்லாம் கூடிவரும் என்று நினைப்பதும் தவறு. மான்ட்ரியால் நகரத்தை ஒட்டிய கானவாகே என்ற மோஹாக் ஊரில் 1994 முதல் பள்ளிகளை மையமாக வைத்து ஒரு சர்க்கரை நோய்த் தடுப்புத் திட்டம் நடக்கிறது. ஊரே திட்டமிட்டது, ஆய்வின் ஒழுக்க விதிகளை ஊரும் ஆய்வாளர்களும் சேர்ந்தே எழுதினார்கள். உலகுக்கே முன்மாதிரி என்று பேர் வாங்கியது. ஆனாலும் தொடக்க ஆண்டுகளில் பிள்ளைகளின் எடை குறையவில்லை. கடைவீதியும் தொலைக்காட்சியும் எல்லைச் சுவருக்கு வெளியே நிற்பதில்லை.

நம் வீட்டுக் கதை

தமிழர்கள் இந்தக் கதையில் பார்வையாளர்கள் மட்டுமல்ல. மலேசியாவில் 2019இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. இந்திய வம்சாவளியினரிடம் மட்டும் 31.4. அவர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் பிள்ளைகள். காரணம் கேட்டால் ரொட்டி சானாய், டின்பால் ஊற்றிய தே தாரிக் என்று விரல் நீளும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீட்டுத்தோட்டமும் மாடும் கோயிலும் பள்ளியும் இருந்த ஊர்களிலிருந்து மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்த கதையை யாரும் உணவு அட்டவணையில் எழுதுவதில்லை.

இலங்கை மலையகத்தில் நிலைமை தலைகீழ். அங்கே பிரச்சினை போதாமை. 2016 கணக்கெடுப்பில், வயதுக்கேற்ற வளர்த்தியில்லாத குழந்தைகள் நாட்டில் 17.3 சதவீதம், தோட்டப் பகுதியில் 31.7. போசாக்குப் பற்றி அம்மாமாருக்கு வகுப்பு எடுக்காத ஆண்டு இல்லை. விடிந்ததும் கொழுந்து பறிக்க மலை ஏறும் பெண், கோதுமை மாவு ரொட்டியும் சம்பலும் தட்டிவைத்துவிட்டுப் போவது அறியாமையால் அல்ல. நேரமும் சம்பளமும் லயத்து அடுப்பும் அதற்குமேல் இடம் கொடுப்பதில்லை. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, சொந்தமாக ஒரு துண்டு காணி இல்லாமல் தலைமுறைகள் வாழ்ந்த மக்களிடம் போய், வீட்டுத்தோட்டம் போடுங்கள் என்றால் எங்கே போடுவார்கள்?

தமிழ்நாட்டிலேயே வேறு மாதிரியும் உண்டு. கூடலூரில் 1980களின் பிற்பகுதியில் பணியர், காட்டுநாயக்கர், பெட்டகுறும்பர் உள்ளிட்ட ஆதிவாசிகள் முதலில் சங்கமாகத் திரண்டது நில உரிமைக்காக. அந்தச் சங்கத்திலிருந்துதான் அவர்களுடைய மருத்துவத் திட்டமும் 'அஸ்வினி' மருத்துவமனையும் வந்தன. நர்சுகளும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களும் அதே சமூகத்துப் பெண்கள். தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையில் இருக்கும் சிட்டிலிங்கியில் மருத்துவர்கள் ரெஜியும் லலிதாவும் 1990களின் தொடக்கத்தில் ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். பிரசவம் பார்த்ததில் ஆரம்பித்த வேலை, மலைவாழ் மக்களின் இயற்கை வேளாண்மைக்கும் சிறுதானியத்துக்கும், லம்பாடிப் பெண்களின் பூவேலைக்கும் போய்ச் சேர்ந்தது. அந்தப் பூவேலை அமைப்பின் பெயர் 'பொர்கை'. லம்பாடி மொழியில் பெருமிதம் என்று அர்த்தம். அரிசோனாவில் ஆய்வாளர்கள் ஒரு குழுவுக்கு வைத்த பெயரும் அதுதான்.

கவனிக்க வேண்டிய குழிகள்

பண்பாட்டைத் தூக்கிப் பிடிப்பதிலும் ஆபத்து உண்டு. முதலாவது, யாருடைய பண்பாடு என்ற கேள்வி. ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுத் திட்டம் போட்டால் பெரும்பாலும் ஆண்களின் பண்பாடுதான் வரும். கடைசியாக உண்பதும், தனக்கு வலித்தால் சொல்லாமல் இருப்பதும் பெண்ணுக்கு அழகு என்பது எத்தனையோ சமூகங்களில் பண்பாடுதான். அதையும் மதித்து நடக்க முடியாது.

இரண்டாவது, பண்பாடு உறைந்த பனிக்கட்டி அல்ல. அமெரிக்கப் பூர்வகுடிகள் இன்று தங்கள் அடையாளமாகக் கொண்டாடும் பொரித்த மாவு ரொட்டி, அரசாங்கம் கொடுத்த மாவிலும் கொழுப்பிலும் பிறந்தது. சிறையிருப்பில் பிழைக்க வைத்த சோறு அது. உடம்புக்குக் கேடு என்று ஒரு வரியில் தள்ளினால் பாட்டியையே தள்ளியதாகும். மலையகத்து ரொட்டிக்கும் இது பொருந்தும்.

இதற்குப் பூர்வகுடிகளே கண்ட ஒரு வழி புகையிலை விஷயத்தில் இருக்கிறது. பல பூர்வகுடி இனங்களுக்குப் புகையிலை தெய்வத்துக்குப் படைக்கும் பொருள். புகையிலை தீயது என்ற பொதுப் பிரசாரம் அவர்கள் சாமியையே பழிப்பதாகக் கேட்டது. அவர்கள் அதைத் திருப்பிப் போட்டார்கள்: சடங்குப் புகையிலை வேறு, கம்பெனிச் சிகரெட் வேறு, புனிதமானதைப் புனிதமாகவே வைத்திருங்கள் என்றார்கள். பழக்கத்தை எதிர்க்க மரபையே துணைக்கு அழைத்த இந்தச் சாமர்த்தியம் எந்த அலுவலகத்திலும் தோன்றியிருக்காது.

முடிவாக

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இது. சிறுபான்மை மக்களின் நலக்கேட்டுக்குப் பண்பாடு காரணம் என்று சொன்ன இடங்களில் பெரும்பாலும் காரணம் மேல்மடையில் இருந்தது. மொழியும் படமும் மாற்றினால் செய்தி போய்ச் சேரும், வாழ்க்கை மாறாது. நம்பிக்கையுள்ள இடமும் உண்மையான சேவையும் சேர்ந்தால் நோய் குறையும். நிதியும் முடிவும் மக்களின் கையில் நீண்டகாலம் இருந்தால் அந்தக் குறைவு நிலைக்கும். பண்பாடு அப்போது பிரசாரத்தின் கருவியாக இராது. அது மக்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே நடத்துவதன் இன்னொரு பெயராக இருக்கும்.

ஆகவே, நம் ஊரில் பழங்குடிக் குடியிருப்புக்கோ புலம்பெயர் தொழிலாளர் கொட்டகைக்கோ ஒரு நலத்திட்டம் போகும்போது, அவர்கள் மொழியில் பேனர் அடித்தாயிற்றா என்று கேட்பதோடு நிற்க வேண்டாம். திட்டத்தின் பணத்துக்குக் கையெழுத்துப் போடுவது யார் என்றும் கேட்போம்.

கீலா நதிக்கரையில் அந்தக் கேள்வியைத் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றத்தில் கேட்டார்கள். 2004இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, ஆண்டுக்கு 6,53,500 ஏக்கர்-அடி தண்ணீர் அவர்களுக்கு உரியது என்று ஒப்புக்கொண்டது. ஆற்று மக்களின் வாய்க்கால்களில் மறுபடியும் தண்ணீர் ஓடுகிறது. அந்தத் தண்ணீர் எந்த மருத்துவத் திட்டத்தின் செலவுக் கணக்கிலும் இல்லை. இருந்திருக்க வேண்டும்.